வாக்கெடுப்பு நாளில் போய் நின்றேன்: ஓபியாய்டு தீர்வு நிதியும் எங்கள் கவுண்டியும்

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை, வட கரோலினாவில் நாங்கள் வசிக்கும் சிறிய கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) ஆணையர்கள் கூட்டத்தில் நான் முதன்முறையாகப் பேசினேன். பேசுவதற்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். என் மூத்த மகனுக்கு 17 வயதில் முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்ததிலிருந்து தொடங்கி, மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆக்ஸிகோடோன் என்ற வலிநிவாரணி மாத்திரைகள் தீர்ந்த பிறகு அவன் வெளியே மாத்திரை தேடத் தொடங்கிய இடத்துக்கு வந்தபோது நேரம் முடிந்துவிட்டது. தலைவர் மரியாதையாக நன்றி சொன்னார். நான் கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை என்பது இருக்கையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அடுத்த பத்து நிமிடத்துக்குள், அந்த ஆண்டின் ஓபியாய்டு வழக்குத் தீர்வு நிதியில் பெரும்பகுதியை, ஏற்கெனவே வரிப்பணத்தில் சம்பளம் பெற்றுவந்த இரண்டு பணியிடங்களுக்கு மாற்றிக்கொள்ளும் தீர்மானத்தை ஐந்து ஆணையர்களும் ஒருமனதாக நிறைவேற்றினார்கள். கார் நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து அழுதுவிட்டு வீடு திரும்பினேன்.

அன்று எனக்குத் தெரியாதிருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள ஒன்றரை ஆண்டு பிடித்தது. யாராவது ஒருவர் முன்பே உட்கார்த்தி வைத்துச் சொல்லியிருந்தால் இரண்டு மாதங்களில் கற்றிருக்கலாம். அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் என்னைப் போல் இந்தத் துயரத்தை வாய்திறக்காமல் சுமப்பவர்கள் சிலராவது இருப்பார்கள் என்று நம்புவதால், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பணம் என்ன பணம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஓபியாய்டு என்பது அபினிலிருந்து எடுக்கப்படும் மருந்துகளையும், அதே விதத்தில் வேலை செய்யும்படி செயற்கையாகத் தயாரிக்கப்படும் வலிநிவாரணிகளையும் குறிக்கும். அவற்றை அளவின்றிச் சந்தையில் கொட்டியதற்காக மாநிலங்களும் ஆயிரக்கணக்கான உள்ளாட்சிகளும் வழக்குத் தொடுத்தன. 2021 ஜூலையில் மெக்கெசன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன் ஆகிய மூன்று விநியோக நிறுவனங்களும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் மொத்தம் 2,600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டதாக அறிவிப்பு வந்தது. விநியோக நிறுவனங்கள் தம் பங்கை 18 ஆண்டுகளில் தவணையாகக் கட்டுகின்றன. பிறகு பெரிய மருந்துக்கடைத் தொடர்களுடனும் வேறு தயாரிப்பாளர்களுடனும் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. முதல் ஒப்பந்தத்தில் வட கரோலினாவின் பங்கு சுமார் 75 கோடி டாலர். எங்கள் மாநிலத்தில் இதில் 85 விழுக்காடு நேராகக் கவுண்டிகளுக்கும் நகராட்சிகளுக்கும் போகிறது. 15 விழுக்காடுதான் மாநில அரசிடம் நிற்கிறது. எல்லா மாநிலங்களிலும் இப்படி இல்லை. ஒஹாயோவில் பாதிக்கு மேற்பட்ட பணம் இதற்கென்றே உருவாக்கப்பட்ட ஓர் அறக்கட்டளைக்குப் போகிறது; அந்த அறக்கட்டளையும் பொதுப் பதிவேடுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்று தீர்ப்புப் பெற 2023இல் ஒரு தன்னார்வ அமைப்பு மாநில உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஆகவே உங்கள் மாநிலத்தில் பணம் யார் கையில் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நான் அதைத் தெரிந்துகொள்ளாமல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு நான்கு முறை எழுதி இரண்டு மாதங்களை வீணாக்கினேன்.

நான் ஏன் இதில் இறங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். மகனை இரண்டு முறை வெளிமாநிலத்தில் உள்ள தனியார் மறுவாழ்வு மையங்களில் சேர்த்தோம். காப்பீடு கொடுத்தது போக முதல் முறை 28,000 டாலரும் இரண்டாம் முறை 19,000 டாலரும் எங்கள் கையிலிருந்து போயின. அப்பா எனக்கென்று எழுதிவைத்திருந்த திருவெறும்பூர் மனையை விற்றேன். ஏன் விற்கிறேன் என்று அண்ணனிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. இரண்டு மையங்களிலும் எந்த மருந்தும் இல்லாமல் முப்பது நாள் விலகியிருப்பதுதான் சிகிச்சை. விலகியிருந்த உடல், முன்பு தாங்கிய அளவைத் தாங்காது என்பதை யாரும் எங்களிடம் எடுத்துச் சொல்லவில்லை. இரண்டாம் முறை வீடு திரும்பிய பன்னிரண்டாம் நாள், 2021 அக்டோபரில், ஃபெண்டனில் என்ற மிக வீரியமான ஓபியாய்டு கலந்த போலி மாத்திரை ஒன்றை விழுங்கி மூச்சு நின்று கிடந்தான். அவனுடைய நண்பன் ஒருவன் பையில் வைத்திருந்த, ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலாக்ஸோன் மூக்குத் தெளிப்பானை இரண்டு முறை செலுத்தி உயிரைத் திருப்பினான். அந்தத் தெளிப்பானை அவனுக்கு இலவசமாகக் கொடுத்தது பக்கத்து ஊரில், போதை ஊசி போடுபவர்களுக்குச் சுத்தமான ஊசி கொடுக்கும் ஊசி மாற்றுத் திட்டம் நடத்தும் நான்கு பேர் கொண்ட ஒரு சிறு குழு. எங்கள் கவுண்டி தீர்வு நிதியிலிருந்து அந்தக் குழுவுக்கு ஒரு டாலரும் ஒதுக்கவில்லை என்று 2023 ஏப்ரலில் உள்ளூர்ச் செய்தியில் படித்தேன். அப்போதுதான் கூட்டத்துக்குப் போவது என்று முடிவெடுத்தேன். கணவர் வர மறுத்தார். ஊரறியப் பேசிவிட்டால் பிள்ளையின் எதிர்காலம் என்னாவது என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்தைத் தவறென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

என் முதல் பிழை, வாக்கெடுப்பு நாளில் போய் நின்றது. தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் ஏறிவிட்டால் அது ஏறக்குறைய முடிந்துபோன காரியம். எங்கள் மாநிலத்தில் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. துறைகள் தம் தேவைகளை எழுதிக் கொடுப்பது குளிர்காலத்தில். கவுண்டி மேலாளர் அவற்றை வெட்டிக் கோத்து மே மாதத்தில் வரவு செலவுத் திட்டமாக முன்வைக்கிறார். ஜூனில் பொது விசாரணை நடத்தி நிறைவேற்றுகிறார்கள். ஆக, ஜூனில் நான் அழுதுகொண்டே சொன்னதை ஜனவரியில் பொதுநலத் துறையின் இடைநிலை அலுவலர் ஒருவரிடம் அமைதியாகச் சொல்லியிருந்தால் அது வரைவில் ஒரு வரியாக இடம்பெற்றிருக்கும். ஆணையர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். வரைவை எழுதும் கை யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை. இப்போது யார் என்னிடம் கேட்டாலும் நான் சொல்லும் முதல் வார்த்தை, கவுண்டி எழுத்தரைத் தொலைபேசியில் அழைத்து, "தீர்வு நிதிக்கான பரிந்துரையை எந்தத் துறையில் யார் தயாரிக்கிறார்கள், எந்த மாதத்தில் தயாரிக்கிறார்கள்?" என்று கேளுங்கள் என்பதுதான். அந்த ஒரு கேள்விக்கு எங்கள் எழுத்தர் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டார்.

இரண்டாவது பிழை, ஒப்பந்தத்தைப் படிக்காமல் போனது. நான் கணக்காளர்; எண்களும் விதிமுறைகளும் எனக்குப் புதியவை அல்ல. இருந்தும் துயரம் என்னைத் தாளைத் திறக்கவே விடவில்லை. படித்த பிறகுதான் நம் கையில் எவ்வளவு பிடிமானம் இருக்கிறது என்று தெரிந்தது. வட கரோலினாவில் மாநிலமும் உள்ளாட்சிகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, கவுண்டிகள் இந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். செலவிடுவதற்கு முன் ஆணையர் குழு தனியாக ஒப்புதல் அளிக்க வேண்டும். எந்த உத்திக்கு, எவ்வளவு தொகை, எந்தக் காலத்துக்கு என்று அதில் எழுத வேண்டும். உத்திகள் இரண்டு பட்டியல்களில் இருக்கின்றன. முதல் பட்டியலில் பன்னிரண்டு உத்திகள்: மருந்துடன் கூடிய சிகிச்சை, போதையிலிருந்து மீள்பவர்களுக்கான மீட்சித் துணை, நலாக்ஸோன் விநியோகம், ஊசி மாற்றுத் திட்டம், சிறையில் இருப்பவர்களுக்குச் சிகிச்சை, விடுதலையானவர்களுக்கு உதவி என்பவை அவற்றுள் சில. இரண்டாவது, விரிந்த பட்டியலிலிருந்து செலவிட விரும்பும் கவுண்டி, முதலில் பலரையும் கூட்டித் திட்டமிடும் முறையான பணியை முடித்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிதி பெறும் ஒவ்வொரு கவுண்டியும் ஆண்டுக்கு ஒரு முறையாவது தன் எல்லைக்குள் இருக்கும் நகராட்சிகளை அழைத்துக் கூட்டம் நடத்திக் கருத்துக் கேட்க வேண்டும். அந்தக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். ஆக, மக்கள் அந்த அறையில் உட்காரும் உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் ஊரில்தான் அது பெயரளவுக்கு நடந்துகொண்டிருந்தது.

அந்த ஆண்டுக் கூட்டத்தை 2023 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, பேருந்தே போகாத ஓர் அரசுக் கட்டடத்தில் நடத்தினார்கள். நான் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். பதினொரு பேர் இருந்தோம். அரசுச் சம்பளம் வாங்காதவர்கள் இருவர் மட்டுமே, நானும் ஒரு தேவாலயத்தின் போதகரும். வாசலில் சீருடையில் இரண்டு ஷெரிஃப் அலுவலர்கள் நின்றார்கள். அவர்கள் பண்பானவர்கள்தான். ஆனால் பழைய பிடியாணை ஒன்று நிலுவையில் இருக்கிற, இன்றும் போதை மருந்து பயன்படுத்துகிற ஒருவர் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வருவாரா என்று அந்த அறையில் யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்தப் போதகர்.

அவருடைய தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வியாழக்கிழமைதோறும் மீட்சிக் குழு ஒன்று கூடுகிறது. அடுத்த வாரமே என்னை வரச் சொன்னார். போகும்போது என் மனத்தில் ஒரு தீர்மானமான கருத்து இருந்தது: நாங்கள் மனையை விற்றுக் கட்டிய அந்த முப்பது நாள் சிகிச்சையை ஏழைக் குடும்பங்களுக்கும் இலவசமாகக் கொடுக்க இந்த நிதி பயன்பட வேண்டும் என்பதே அது. அதைக் கேட்டுத்தான் ஜூனில் பேசப் போயிருந்தேன். அங்கே வட்டமாக உட்கார்ந்திருந்த பதினான்கு பேரிடம் அதைச் சொன்னபோது யாரும் எதிர்த்துப் பேசவில்லை; அமைதியாக இருந்தார்கள். பிறகு ஒரு பெண், தான் மூன்று முறை அப்படிப்பட்ட இடங்களுக்குப் போய் வந்ததாகவும், ஒவ்வொரு முறையும் வெளியே வந்த பிறகே சாவுக்கு மிக அருகில் போனதாகவும் சொன்னார். அந்த நிமிடம் எனக்கு என் மகனின் பன்னிரண்டாம் நாள் நினைவுக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளாக என் கண்முன்னே கிடந்த உண்மை அது. அவன் இன்று நிமிர்ந்து நிற்பது அந்த 47,000 டாலரால் அல்ல, மாதந்தோறும் பெறும், போதை ஏக்கத்தை அடக்கும் புப்ரெனார்ஃபின் மருந்தால். இருந்தும் கொடுத்த பணம் வீண் என்று ஒப்புக்கொள்ள என் மனம் இடம் தரவில்லை.

அவர்கள் கேட்டவை என் பட்டியலில் இல்லாதவை. மெத்தடோன் மருந்தைப் போதைச் சிகிச்சைக்காகச் சாதாரண மருந்துக்கடையில் வாங்க முடியாது. அதற்கென உரிமம் பெற்ற மருத்துவமனைக்கு நேரில் போக வேண்டும். எங்களுக்கு மிக அருகில் உள்ளது 40 மைல் தொலைவில் இருக்கிறது. ஓர் இளைஞர் விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, பெட்ரோலுக்குக் காசு கொடுத்துப் பிறர் காரில் போய்த் திரும்பி, எட்டு மணி வேலைக்கு ஓடுவதைச் சொன்னார். கார் கிடைக்காத நாள்களில் என்ன செய்வார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்னொருவர், கவுண்டிச் சிறைக்குள் நுழைந்ததும் தன் புப்ரெனார்ஃபின் நிறுத்தப்பட்டதையும், ஆறு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை இரவு கையில் ஒன்றுமில்லாமல் வெளியே விடப்பட்டதையும் சொன்னார். வட கரோலினாவில் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றிய ஆய்வொன்று 2018இல் வெளியானது. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் ஓபியாய்டு அளவுமீறி இறக்கும் வாய்ப்பு, பொது மக்களைவிட 40 மடங்கு அதிகம் என்று அது கண்டது. அந்த ஆய்வைப் பின்னால்தான் படித்தேன். அந்தக் கீழ்த்தளத்தில் இருந்தவர்களுக்கு அது எண்ணாக இல்லாமல் நண்பர்களின் பெயர்களாகவே தெரிந்திருந்தது. இன்னும் இருவர், இந்தச் சிகிச்சை மருந்துகளை எடுத்துக்கொள்கிறார்கள் என்ற காரணத்தால், போதையிலிருந்து மீள்பவர்கள் தங்கும் மீட்சி விடுதி ஒன்று தங்களைச் சேர்க்க மறுத்ததைச் சொன்னார்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துக்காக ஒருவரை இப்படி விலக்குவது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கு முரணாகலாம் என்று அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் 2022 ஏப்ரலிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது.

மக்களைக் கலந்தாலோசிப்பது என்றால் என்ன என்பதை நான் புரிந்துகொண்டது அந்த இரவில்தான். பாதிக்கப்பட்ட குடும்பத்தின் தாய் என்பதால் மக்கள் குரல் என்னுடையதே என்று நினைத்திருந்தேன். என் குரலும் ஒன்று, அவ்வளவே. காப்பீடும் விற்பதற்கு ஒரு மனையும் இருந்த குடும்பத்தின் குரல் அது. அதை மட்டும் கேட்டு ஒரு கவுண்டி திட்டம் தீட்டியிருந்தால் தவறான இடத்தில் பணத்தைக் கொட்டியிருக்கும். ஆகவே உங்கள் ஊரில் இந்த வேலையைத் தொடங்குகிறவர்கள், தமக்கு விடை தெரியும் என்று எண்ணினாலும், இப்போதும் போதை மருந்து பயன்படுத்துகிறவர்கள், சிறையிலிருந்து வந்தவர்கள், சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோரின் பேச்சை முதலில் போய்க் கேளுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள். உங்கள் கூட்டத்துக்கு அவர்களை அழைப்பது அதற்குப் பிறகு வரட்டும்.

2024 ஜனவரியில் பொதுநலத் துறையின் அந்த அலுவலரைச் சந்தித்தேன். நான் நினைத்ததற்கு மாறாக அவர் மகிழ்ந்தார். தனக்கும் மக்களிடம் கேட்க விருப்பம்தான், ஆனால் அறிவிப்பு வெளியிட்டால் யாரும் வருவதில்லை என்றார். நாங்கள் கேட்டவை சிறியவை: கூட்டத்தை மாலையில், ஊர் நடுவே உள்ள நூலகத்தில் நடத்துங்கள், வாசலில் சீருடை வேண்டாம், சாப்பாடு இருக்கட்டும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கட்டும், வருகிறவர்களின் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். கடைசிக் கோரிக்கைக்குத்தான் தடை வந்தது. போதை மருந்து பயன்படுத்துகிறவரின் கையில் பணம் கொடுப்பதா என்று ஓர் ஆணையர் கேட்டதாக அறிந்தேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மற்ற எல்லாரும் சம்பள நேரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் எழுதி அனுப்பினேன். கடைசியில் ஆளுக்கு 25 டாலர் மளிகைக்கடை அட்டை என்று முடிவாயிற்று. எனக்கு அதில் முழு நிறைவில்லை. ஆனால் மார்ச் மாதக் கூட்டத்துக்கு 63 பேர் வந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் நடந்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஒழுங்குபடுத்த வந்தவர் முதல் நாற்பது நிமிடத்தை விளக்கப் படங்களிலேயே செலவழித்துவிட்டார். வேலை முடித்துப் பசியோடு வந்தவர்களில் சிலர் பேசாமலே எழுந்து போனார்கள். அடுத்த முறை விளக்கத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்து, ஆறு ஆறு பேராக மேசைகளில் உட்காரவைத்து, ஒவ்வொரு மேசைக்கும் குறிப்பெடுக்க ஒருவரை வைத்தோம். அவையின் நடுவே எழுந்து பேசாதவர்கள் மேசையில் பேசினார்கள். கூட்டம் முடிந்த மூன்று வாரத்துக்குள் "நீங்கள் சொன்னவை இவை, வரைவில் சேர்த்தவை இவை, சேர்க்காதவை இவை, காரணம் இது" என்று ஒரு பக்கத் தாளை வந்தவர்கள் அனைவருக்கும் அனுப்பச் செய்தோம். அந்தத் தாள் போகாமல் இருந்திருந்தால் இரண்டாவது கூட்டத்துக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். கேட்டுவிட்டு மறந்துபோகும் அலுவலகங்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

பொதுமக்கள் கருத்து நேரத்தையும் கைவிடவில்லை. பயன்படுத்தும் விதத்தை மாற்றிக்கொண்டோம். 2024 மே, ஜூன் மாதங்களில் ஆறு பேர் போனோம். ஒவ்வொருவரும் ஒரே ஒரு கோரிக்கையை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, அதற்குரிய ஓர் எண்ணையும் ஓர் அனுபவத்தையும் சொல்லி, இரண்டரை நிமிடத்தில் முடித்தோம். எழுத்து வடிவத்தை எழுத்தரிடம் முன்பே கொடுத்தோம். அது கூட்டக் குறிப்பில் சேர்கிறது. பெயர் பதியும் தாள் கூட்டம் தொடங்கியதும் எடுக்கப்பட்டுவிடும் என்பதால் இருபது நிமிடம் முன்னால் போனோம். அதற்கு முன் ஒவ்வோர் ஆணையரையும் தனித்தனியே சந்தித்திருந்தோம். அவர்களில் ஒருவருடைய தங்கை மகனும் ஃபெண்டனிலால் இறந்திருக்கிறான் என்பது காபிக் கடை மேசையில்தான் தெரிந்தது. அவையில் அவர் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை.

பொதுப் பதிவேடு கேட்பதிலும் ஒரு பாடம் கற்றேன். "தீர்வு நிதி தொடர்பான அனைத்து ஆவணங்களும்" என்று கேட்டு ஏழு வாரம் காத்திருந்தேன். வந்தது நூற்றுக்கணக்கான பக்கக் குப்பை. "2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை தனிக் கணக்கின் வரவு செலவு, அதற்கான தீர்மானங்களின் நகல்" என்று கேட்டபோது நான்கு நாளில் கிடைத்தது. எங்கள் மாநிலத்தில் கவுண்டிகள் அளிக்கும் திட்டங்களையும் செலவு விவரங்களையும் கோர்-என்சி என்ற தரவுப் பலகையில் யாரும் பார்க்கலாம். அங்கே இருப்பதைப் பதிவேடாகக் கேட்டு நாளை வீணாக்க வேண்டாம்.

இதற்கிடையே நம்மவர்களிடமும் போனேன். எங்கள் மாநிலத்தின் கேரி நகரில் உள்ள வெங்கடேசுவரர் கோயிலுக்கு வரும் தோழி ஒருவரிடம், நலாக்ஸோன் பயன்படுத்தும் முறையைத் தமிழ்ப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்க ஒரு மணி நேரம் கேட்டேன். "நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்குங்க?" என்றார். என் வீட்டுப் பிள்ளைக்குத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்று திரும்பி வந்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து அவரே அழைத்து, எங்கே வாங்கலாம் என்று மட்டும் கேட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. 2023 செப்டம்பரிலிருந்து மருந்துச் சீட்டு இல்லாமலே கடைகளில் கிடைக்கிறது, இரண்டு தெளிப்பான் உள்ள பெட்டி ஏறத்தாழ 45 டாலர், எங்கள் நூலகத்தில் இப்போது இலவசம் என்று சொல்லி, வீட்டில் இருந்த ஒரு பெட்டியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மகனின் கதையைச் சொல்வது பற்றி ஒரு வார்த்தை. 2023 ஜூனில் நான் அவையில் பேசியபோது அவனிடம் அனுமதி கேட்கவில்லை. கூட்டத்தின் காணொளி கவுண்டியின் பக்கத்தில் ஏறியது. அவன் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் பார்த்துவிட்டார். அவன் என்னிடம் கோபப்படவில்லை. "அம்மா, அது என் வாழ்க்கை. என்னைக் கேட்டிருக்கலாம்" என்றான். அவன் உயிர் பிழைத்த கதையை என் சொத்தாக நினைத்துவிட்டேன் என்று அன்று வெட்கப்பட்டேன். அதற்குப் பிறகு என் செலவு, என் அச்சம், என் அறியாமை ஆகியவற்றை மட்டுமே பேசுகிறேன். இந்தக் கட்டுரையை அவன் படித்துப் பார்த்து, இரண்டு இடங்களை நீக்கச் சொல்லி, மீதியை எழுதச் சம்மதித்தான்.

2024 ஜூன் தீர்மானத்தில் மூன்று புதிய வரிகள் வந்தன. சிறைக்குள் புப்ரெனார்ஃபினும் மெத்தடோனும் தொடர்வதற்கும், விடுதலையாகும்போது ஏழு நாள் மருந்தும் நலாக்ஸோனும் கையில் கொடுப்பதற்கும் பெரிய தொகை. மெத்தடோன் மருத்துவமனைக்கு வேன் வசதிக்கு நாங்கள் கேட்டதில் பாதி. ஊசி மாற்றுக் குழுவுக்கு ஒரு சிறு தொகை. முந்தைய ஆண்டு தீர்வு நிதிக்கு மாற்றிய இரண்டு பணியிடங்களில் ஒன்றை வரிப்பணத்துக்கே திருப்பினார்கள். இன்னொன்று இன்றும் தீர்வு நிதியில்தான் இருக்கிறது. ஒப்பந்தப் பட்டியலை அது மீறவில்லை என்றும், எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்றும் சொல்கிறார்கள். காகிதத்தில் அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த வரியால் இதுவரை சிகிச்சை பெறாத ஒருவருக்குக்கூடச் சிகிச்சை கிடைக்கவில்லை. 1998இல் புகையிலை நிறுவனங்களிடமிருந்து மாநிலங்கள் பெற்ற பெருந்தொகையில் மிகச் சிறிய பகுதிதான் புகைப்பழக்கத்தைத் தடுக்கப் பயன்பட்டது. எஞ்சியது இப்படித்தான் சிறுகச் சிறுக மற்றக் கணக்குகளில் கரைந்தது. இம்முறை குறைந்தது 85 விழுக்காட்டை இந்த நெருக்கடியைத் தணிக்கவே செலவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியதற்கு அந்தப் பழைய அனுபவமே காரணம். எழுதியிருப்பதைக் காப்பாற்ற ஒவ்வொரு கவுண்டியிலும் யாராவது உட்கார்ந்து வரி வரியாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து ஆலோசனைக் குழு அமைத்தார்கள். பதினொரு இடங்களில் "வாழ்ந்த அனுபவம் உள்ளவர்", அதாவது போதைப் பழக்கத்தைத் தாமே அனுபவித்தவர், என்று ஓர் இடம் மட்டும் ஒதுக்கியிருந்தார்கள். ஒரே ஒருவராக உட்காருகிறவர் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்லவேண்டிய நிலையில் களைத்துப்போவார் என்று வாதாடி அதை மூன்றாக்கினோம். வாக்குரிமையும், கூட்டத்துக்கு 50 டாலர் மதிப்பூதியமும் பெற்றோம். நாங்கள் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. நிதி கேட்டு விண்ணப்பிக்கும் சிகிச்சை நிறுவனம் ஒன்றின் இயக்குநரும் அதே குழுவில் உட்கார்ந்திருந்தார். முதல் சுற்றில் தம் நிறுவனத்துக்குத் தாமே வாக்களித்தார். தம் விண்ணப்பம் விவாதத்துக்கு வரும்போது உறுப்பினர் அறையை விட்டு வெளியேற வேண்டும் என்ற விதியைச் சேர்க்க மேலும் ஐந்து மாதம் ஆயிற்று. குழுவின் விதிமுறைகள் எழுதப்படும் நாளிலேயே அதைக் கேட்டுவிடுங்கள்.

எல்லாம் சேர்த்து 19 விடுப்பு நாள்கள் போயின. கூட்டங்களுக்காக ஒரு பதவி உயர்வு வாய்ப்பையும் விட்டேன். அதற்காக இரவில் விழித்துக் கணக்குப் போட்ட நாள்களும் உண்டு. கணவர் இப்போது காரில் கொண்டுவந்து விடுகிறார். உள்ளே வருவதில்லை, கூட்டம் முடியும் வரை வெளியே காத்திருக்கிறார்.

மீட்சி விடுதிப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. மருந்து எடுத்துக்கொள்பவர்களை மறுக்கும் விடுதிகளுக்கு நிதி இல்லை என்ற நிபந்தனையை ஒப்பந்தப் படிவத்தில் சேர்க்கக் கேட்டோம். கவுண்டி வழக்கறிஞர் பரிசீலிப்பதாகச் சொல்லி இரண்டு நிதியாண்டுகள் கடந்துவிட்டன. பணமோ 2038 வரை வரும். விடியற்காலை நான்கரைக்கு எழுந்து போன அந்த இளைஞர் இப்போது ஆலோசனைக் குழுவின் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கிறார். வேன் அவரை ஐந்தே முக்காலுக்கு ஏற்றிக்கொள்கிறது. வரும் ஜனவரியில் துறைக்குக் கொடுக்கவேண்டிய விடுதிக் கோரிக்கையை அவர்தான் எழுதுகிறார். நான் அதற்கு எண்கள் மட்டும் சேர்த்துக் கொடுக்கிறேன்.